குழலுறை

மைனாட்டில் டிசம்பர்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
நிலவறையில் நான், ஒரு காற்றுத் துப்பாக்கி,
பத்து மீட்டர் தள்ளி ஒரு காகித வட்டம்,
அதற்குப் பின்னால் கந்தல் அடைத்த இரும்புப் பெட்டி.

எக்ஸ்ரே அறையில் பத்து மணி நேரம்
'இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று
ஊரார் மூச்சை மேய்த்துவிட்டு வந்து
என் மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளும் அரைமணி.

இரட்டை வீடு. நடுவே ஒற்றைச் சுவர்.
அந்தப் பக்கம் டுவேன் லிண்ட்க்விஸ்ட், சரக்கு ரயில் ஓட்டுபவர்.
இரவெல்லாம் தண்டவாளம், பகலெல்லாம் போர்வை.
ஒருநாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு:
'அந்த டக் டக் என்னவென்று தெரியுமா?'
அவ்வளவுதான்.
நான் அதைப் புகாராகப் படித்தேன்.
எதையும் புகாராகப் படித்துப் பழகிய கண்.

எண்பத்தைந்து டாலருக்கு உறை வந்தது,
கறுப்பு அலுமினியம்,
புல்லாங்குழலுக்குச் சட்டை தைத்த மாதிரி.
குழலின்மேல் நழுவவிட்டேன். மரை கடித்தது.
இறுக்கம் நல்லதுதானே என்று
இடுக்கி வைத்து இன்னொரு முறுக்கு.

சத்தம் அடங்கியது,
கல்யாண மண்டபத்தில் கைக்குட்டைக்குள் இருமுவது போல.
கூடவே குண்டும் வட்டத்தை மறந்தது.

இடது கீழே ஒன்று.
அதற்கும் இடதே ஒன்று, பக்கவாட்டில் நுழைந்து
சாவித் துவாரம் போலக் கிழித்திருந்தது.
கண்ணைச் சந்தேகித்தேன். தொலைநோக்கியை. காபியை.
புது டப்பாக் குண்டுகளை.
மூன்று வாரம் எல்லாரையும் விசாரித்தேன்,
கடைசியாக வீட்டுக்குள் வந்தவனைத் தவிர.

பிறகு காற்றை முழுக்க இறக்கி
குழலைத் தனியே கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன்.
பின்வாய் வழியே பார்த்தால்
முழுநிலா தெரியவேண்டிய இடத்தில்
ஒரு விளிம்பு கடிபட்ட நிலா.
உறையின் மூடி மயிரிழை சரிந்திருந்தது.
அதன் உதட்டில் சாம்பல் நிற ஈயம்,
ஒவ்வொரு குண்டும் போகிற போக்கில்
இட்டுச் சென்ற கையெழுத்து.

மரையில் சிக்கியிருந்த பெயின்ட்டை
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன்.
வெட்டுப்பட்ட ரப்பர் வளையத்தை மாற்றினேன்,
புதியதற்கு ஒரு துளி சிலிக்கான் கிரீஸ்,
அதிலும் பாதி துணிக்கே.
கையால் மட்டும் திருகினேன், இடுக்கியை மாடிக்கு அனுப்பிவிட்டு.
எங்கே நிற்கவேண்டும் என்று உலோகத்துக்குத் தெரியும்,
எனக்குத்தான் தெரியவில்லை.
திருகி, பார்த்து, தளர்த்தி, மறுபடி திருகி
வளர்ந்தது நிலா.

அன்று ஐந்து குண்டுக்கும் ஒரே ஓட்டை,
கொண்டைக்கடலை ஒன்று நுழையும்.

இப்போது மாதம் ஒருமுறை கழற்றுகிறேன்.
குளிர்ந்த காரிலிருந்து சூட்டுக்குள் வந்தால்
உறைக்கும் குழலுக்கும் நடுவே வியர்க்கும்.
வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும்.
துணியை உள்ளே விட்டு இழுத்தால்
மஞ்சள்தூள் கொட்டியது போலத் துரு.

பிப்ரவரியில், பனி தள்ளும்போது, டுவேன் கேட்டார்:
'உன் பக்கத்து ஃபர்னஸ் ஒழுங்கா ஓடுதா?
என்னுடையது டக் டக்குனு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.
டிசம்பர்ல ஆளை வரவழைச்சேன்.
எதையோ கழற்றினான், மாட்டினான், நூற்று நாற்பது டாலர்.
அந்த வாரமே நின்னுபோச்சு.
கெட்டிக்காரன்.'

'ஆமாம்' என்றேன்,
'கெட்டிக்காரன்தான்.'

அன்றிலிருந்து அவர் வாசல் பனியையும்
நானே தள்ளுகிறேன்.
தடவைக்கு இருபது டாலர் என்று வைத்தால்
ஏழில் கணக்குத் தீர்ந்தது.
நல்ல பெண் என்று தபால்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

வெளியே எட்டாவது பனி
விழுந்துகொண்டிருக்கிறது.